அக்கா பார்த்த குதிரை

அக்கா இத்தாலிக்குப் படிக்கப் போன வருடம் எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்கே ஒரு ஃபோன்தான், எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி வீட்டில். அந்த எண்ணைத்தான் பி.பி. நம்பர் என்று எல்லோருக்கும் கொடுத்து வைத்திருந்தோம். அது தொண்ணூற்று மூன்றாம் வருடம். எனக்குப் பதினொரு வயது.

அப்பா பந்தயக் குதிரை லாயத்தில் சைஸ். குதிரைக்குத் தீனி வைப்பது, உடம்பு தேய்த்துவிடுவது, ஓடி வந்தபின் மூச்சு ஆறும்வரை பிடித்து நடத்துவது எல்லாம் அவர் வேலை. அக்கா மனுப் போட்டதும், உதவித்தொகை கிடைத்ததும், விசா வந்ததும் வீட்டில் அவருக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. "எல்லாத்தையும் முடிச்சுட்டு எங்கிட்ட வந்து சொல்றியா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. அவள் கிளம்பிய அன்று விடிகாலையில் லாயத்துக்குப் போனவர், டாக்ஸி தெருமுனை தாண்டும்வரை திரும்பவில்லை.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அக்கா கூப்பிடுவாள். "பேக பாம்மா, சீக்கிரம், அக்கா ஃபோன்!" என்று ஆன்ட்டி குரல் கொடுத்ததும் அம்மாவும் நானும் ஓடுவோம். அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குக் கிளம்பிவிடுவார். "தண்ணி யாரு பிடிக்கிறதாம்?" என்பார். குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது வேறு விஷயம்.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் அக்கா அந்தப் பந்தயத்தைப் பற்றிச் சொன்னாள். அவள் இருந்த பழைய ஊர் பேட்டை பேட்டையாகப் பிரிந்திருக்கிறதாம். பேட்டைக்கு ஒரு கொடி, ஒரு மாதாகோயில். பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் சீட்டுக் குலுக்கி, எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்று முடிவு செய்வார்கள். அன்றிலிருந்து அது அந்தப் பேட்டையின் பிள்ளை. கோயிலுக்குள்ளேயே கூட்டிப்போய் ஃபாதர் ஆசீர்வாதம் செய்வார். அங்கே அது லத்தி போட்டுவிட்டால் நல்ல சகுனம்.

"சாமி எதிர்லயா? கருமம்!" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாம மட்டும் என்ன, சாணியத்தானே வாசல்ல தெளிக்கிறோம்" என்று தானே சமாதானமும் ஆனாள்.

அன்று சாப்பிடும்போது அதையெல்லாம் உரக்கச் சொன்னேன். ஓட்டுகிறவன் விழுந்துவிட்டாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றிதான் என்றேன். ஊர் நடுவே கல் பாவிய மைதானத்தில்தான் ஓட்டம், சேணம்கூடக் கிடையாது என்றேன். அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்காமல், ரசச் சட்டியிடம் கேட்பதுபோல், "சேணமில்லாமலா?" என்றார். சற்றுப் பொறுத்து, "கல்லு பாவின எடத்துலயா ஓட்டறானுங்க? லாடம் வழுக்காது?"

அடுத்த தடவை இதை அக்காவிடம் ஒப்பித்தேன்.  "அப்பாவா கேட்டாரு? நெஜமாவாடி?" என்றாள்.

அதற்கு மூன்றாம் நாள், புதன்கிழமை சாயங்காலம், ஆன்ட்டியே வீட்டுக்கு ஓடிவந்தார். ஞாயிறல்லாத நாளில் ஃபோன் வந்தால் அது சாவுச் செய்திதான் என்பது அம்மாவின் கணக்கு. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ, பயப்படாதீங்க. உங்க பொண்ணுதான். அவ பேட்டைக் குதுரெக்குக் கால் நோவாம். உங்க வீட்டுக்காரர்தான் வேணுமாம்" என்றார் ஆன்ட்டி.

"ஏன், டாக்டர் இல்லையாமா அங்க?" என்றார் அப்பா.  "வாயில்லா ஜீவன்" என்று அம்மாவிடம் காரணம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு, "எந்தக் காலு?"

"முன்னங்காலா? இடதா? முட்டிக்குக் கீழ, பின்பக்கமா தொட்டுப் பாத்தியா, சுடுதா? சரி, நடக்க விட்டாங்களா? எந்தக் கால ஊனத் தயங்குது?" பிறகு நிறுத்தினார். "வலதா? இப்பத்தானே இடதுன்ன?"

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரிசீவருக்குள்ளிருந்து சன்னமாக ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. லைன் கரகரக்கிறது என்று நினைத்தேன்.

"சரி" என்றார். "சரி, சரி. ரெண்டு காலுக்கும் பச்சத்தண்ணி ஊத்தச் சொல்லு." வைக்கும் முன்னால், "நீ மட்டும் அதுக்குப் பின்னால போய் நிக்காத. புது எடம். மெரளும்."

அந்தக் குதிரை ஓடியது. வளைவில் ஆளைத் தள்ளிவிட்டு, தான் மட்டும் மூன்றாவதாக வந்தது. எங்கப்பா ஃபோனிலேயே குணப்படுத்திய குதிரை என்று வகுப்பில் ஒரு வாரம் பெருமையடித்தேன். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் குடம் தூக்குவது என் வேலையாயிற்று.

என் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் அக்கா உண்மையைச் சொன்னாள். "லூசு, அந்தக் குதிரைகிட்ட வெளியாள எவன்டி விடுவான்? எவனாவது மருந்து வெச்சிடுவான்னு ராப்பகலாக் காவல். நான் கொட்டாய்க் கதவத்தான் பாத்தேன்."

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார். "சைஸ் பொண்ணு. பாத்திருந்தா கால மாத்திச் சொல்லுவாளா?" என்றார். கை நிற்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். படிக்க வெளிநாடு போயிருக்கிற என் மகன், ஒரு சண்டைக்குப் பிறகு நான்கு நாள் ஃபோனை எடுக்காமல் இருந்துவிட்டு, நேற்று அவனாகக் கூப்பிட்டான். "அம்மா, சாதத்துக்கு எவ்ளோ தண்ணி வெக்கணும்?" பத்தாம் வகுப்பிலிருந்து குக்கர் வைக்கிற பிள்ளை. நானோ, "நாலு நாளா எங்கடா தொலஞ்ச? இருக்கியா செத்தியான்னு தெரியாம..." என்று கத்தித் தீர்த்தேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டான்.  ஒண்ணுக்கு ரெண்டுடா கண்ணா என்று சொல்லியிருக்கலாம்.

அந்தப் புதன்கிழமை, ஆன்ட்டி வீட்டுப் படியிறங்கும்போது, "குதிரைக்குச் சரியாயிடுமாப்பா?" என்று கேட்டேன். "குதிரைக்கு ஒண்ணுமில்ல" என்றார். எதிரே நாலடியில் இருந்த வீட்டுக்குள் அவர் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிவரை நடந்தார். எதிர்ப்பட்ட ஆளையெல்லாம் நிறுத்தி, "பொண்ணு ஃபோன் பண்ணிச்சு, இத்தாலிலேருந்து" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அங்கே ஒரு குதிரை இரண்டு காலும் கெட்டு நிற்கிறது. இவர் இப்படிச் சிரிக்கிறாரே, இவரெல்லாம் ஒரு சைஸா என்று நினைத்துக்கொண்டே கூட நடந்தேன்.