இடுப்புக்கு வைத்த பழைய வலை

1. கட்டைவிரல் சோதனை

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷம் குஷன் கடை வைத்திருந்தேன். இப்போது சீட் வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம், ஃபோம் எத்தனை இஞ்ச் போடணும், ரெக்சின் எந்த ரகம் வாங்கணும் என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் எந்தக் கடையில் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். நான் செய்த தப்பை நான்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை ஏகாம்பரம் தன் வாடகைக் காரைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பக்கத்துத் தோணிரேவுக் குப்பத்துக்காரன், என் வயசுதான். ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன், அவனுடைய நைனா இறந்ததும் படகை விற்றுவிட்டுப் பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்திருந்தான். பிரசவ வலி என்றாலும் கல்யாணம் என்றாலும் பொன்னேரிக்குப் போக அவன் கார்தான்.

முன்சீட்டில் ஸ்பிரிங் அமுங்கி, டிரைவர் உட்காரும் இடம் பள்ளமாகியிருந்தது. முதுகு சாயும் இடத்தில் ஒரு பழைய பருத்தி நூல் வலையைச் சுருட்டிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான்.

"இன்னாய்யா இது, கார்ல குந்தினு மீன் புடிக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"சிரிக்காத பாய். எங்க நைனா வலை. இடுப்பாண்ட வச்சினா சொகமா கீது. படகுல வலை மேல சாஞ்சி குந்தியே பழக்கமாப் போச்சு."

"நாத்தம் கொடலப் புடுங்குது. பொண்ணு மாப்ள ஏறுற வண்டியா இது? வுடு, நான் போட்டுத் தரேன் பாரு ஒரு சீட்டு. மெத்தை தோத்துடும்."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு, "செரி பாய், உன் இஷ்டம். வலைய மட்டும் எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு ஆறு இஞ்ச் ஃபோம் போட்டேன். மேலே இலவம் பஞ்சு, கருஞ்சிவப்பு ரெக்சின், ஓரத்தில் வெள்ளை பைப்பிங். அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் கட்டைவிரல்தான் சோதனை. அழுத்தினால் விரல் அடிவரை உள்ளே போக வேண்டும், போனால் நல்ல வேலை. எந்தக் கடைக்காரனும் உட்கார்ந்து பார்த்ததில்லை. நானும் விரலை அழுத்திப் பார்த்து, எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

வலை கடை மூலையில் கிடந்தது. கார் போன மறுநாள், கடையைக் கூட்டும்போது வெட்டுத் துண்டுகளோடு அதையும் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டேன். எடுத்து வை என்று அவன் சொன்னது எனக்கு நினைவிருந்தது. கிழிந்த வலைதானே என்று நினைத்தேன்.

2. ஜம்முனு கீது

ஸ்டாண்டில் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "சீட்டு எப்டி இருக்கு?" என்று கேட்பேன்.

"ஜம்முனு கீது பாய்!" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்வான். அதைக் கேட்டு இன்னும் சில கார்க்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சவாரி இல்லாத நேரத்தில் மற்ற டிரைவர்கள் காருக்குள் சாய்ந்து தூங்குவார்கள். ஏகாம்பரம் மட்டும் வெளியே நிற்பான். ஒரு கை கார் கூரை மேல், ஒரு கை இடுப்பில்.

"இன்னா, புது மாப்ள மாதிரி நெளியுற?"

"சும்மா காத்து வாங்குறேன் பாய்."

நான் நம்பினேன். ஒன்றரை வருஷம் நம்பினேன்.

3. பொன்னேரி வரைக்கும்

பொன்னேரியில் என் பெரியம்மா இறந்துபோனபோது அவன் காரில்தான் கிளம்பினோம். வீட்டுப் பெண்கள் பின்னால், நான் முன்னால் அதே நீள சீட்டில் அவன் பக்கத்தில். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: நான் தைத்த சீட்டில் நானே உட்கார்ந்து ஊர் போனது அன்றுதான் முதல் தடவை. எனக்கு எப்போதும் சைக்கிள்தான்.

முதல் கொஞ்ச தூரம் சுகமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஃபோம் அமுங்கியது. பின்பக்கம் கீழே இறங்க, முழங்கால் மேலே ஏற, இடுப்புக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இல்லை. முதுகு கூனிக்கொண்டது. பாதி வழியிலேயே எனக்கு இடுப்பு கழன்றுபோன மாதிரி வலி. சும்மா உட்கார்ந்து வந்த எனக்கே இப்படி. அவனோ அதே சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

பொன்னேரியில் எல்லோரும் இறங்கினோம். அவன் கதவைத் திறந்து வலது காலைக் கீழே வைத்தான். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"கால் மரத்துப் போச்சு பாய். செத்த நேரத்துல செரியாப் பூடும். நீ போ, மையத்து எடுத்துடப் போறாங்க."

போனேன். பெரியம்மாவுக்காக அழ வந்தவன், அவனை நினைத்தும் அழுதேன். ஊர் திரும்பியதும் சீட்டைப் பிரித்து மாற்றிவிடணும் என்று இருந்தேன். அதற்குள் அவன் ஸ்டாண்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

4. தோணிரேவில்

வீட்டுக்குப் போனேன். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். இடுப்பு நரம்பு கெட்டுவிட்டது, இனிமேல் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். காரை வாங்க ஆள் பார்த்தாகிவிட்டது. ஏரிக்கும் இனி போக முடியாது.

அவன் சம்சாரம் கன்னியம்மா என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை.

"நீ சீட்டு போட்டதுலேர்ந்துதான் பாய் இந்த நோவு. வலைய வச்சினு ஓட்டுனப்ப ஒண்ணும் இல்ல. போய் சொல்லேன்யான்னா, 'பாய் ஆசையா போட்டுக் குடுத்துச்சி, மனசு நொந்துக்கும்'னு வாயே தொறக்கல இந்தாளு."

"சும்மா கெட" என்று அவளை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான். "அந்த வலை கீதா பாய்? சொவுத்தாண்ட வச்சி சாஞ்சினா, குந்தினு சோறு துன்னலாம். படுத்துனே துன்ன முடியல."

"இருக்கு. நாளைக்கே எடுத்தாறேன்" என்றேன். அல்லாவுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது.

எல்லோரும் நைலானுக்கு மாறியிருந்த காலம். மூன்று குப்பம் அலைந்து, ஒருவர் வீட்டுக் கூரையில் செருகியிருந்த பருத்தி வலையைக் கெஞ்சி வாங்கினேன். இறுக்கிச் சுருட்டி, கடைச் சுவரில் வைத்து நானே சாய்ந்து உட்கார்ந்தேன். அவிழ்ப்பேன், சுருட்டுவேன், மறுபடி உட்காருவேன். ஒரு பகல் முழுக்க அதே வேலை. என் இடுப்புக்குச் சரியென்று பட்ட பிறகுதான் கொண்டுபோனேன்.

அவனைத் தூக்கி உட்காரவைத்து இடுப்புக்குப் பின்னால் வலையைக் கொடுத்தோம். நிமிர்ந்து உட்கார்ந்தான். கன்னியம்மா உடனே சோறு போடப் போனாள். அவன் கையைப் பின்னால் கொண்டுபோய் வலையைத் தடவினான். கிழிசலை முடிந்திருந்த இடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். வலை முடிகிறவனுக்கு முடிச்சைத் தொட்டாலே யார் கை என்று தெரிந்துவிடும். ஓர் இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தான்.

பழக்க தோஷத்தில், "எப்டி இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஜம்முனு கீது பாய்" என்றான்.

5. பிள்ளைகளுக்கு

அதற்குப் பிறகு, உட்கார்ந்து ஒரு நடை போய்வராமல் எந்தக் காரையும் கடையை விட்டு அனுப்பியதில்லை. அடியில் கெட்டியாகத் தேங்காய் நார், மேலே இரண்டு இஞ்ச் ஃபோம் போதும், இடுப்பு வளைவில் இறுகச் சுருட்டிய திண்டு ஒன்று கட்டாயம். என் சீட்டில் வலி போனது என்று சொன்ன டிரைவர்கள் நிறைய. ஏகாம்பரம் மட்டும் கடைசிவரை காரில் ஏறவில்லை. வலையைக் கொளுத்தியதை நானும் அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

சீட்டு எப்படி இருக்கு என்று டிரைவரை வாயால் கேட்காதீர்கள். நம் மனசு நோகாமல்தான் பதில் சொல்வான். அவன் காரை விட்டு எப்படி இறங்குகிறான் என்று நின்று பாருங்கள். என் கடைக்கு எதிரே ஒன்றரை வருஷம் ஒருத்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.