ஆசைக்குப் பத்து

எங்கள் ஆபீஸில் அவருக்குப் பெயர் நாற்பது. தலைவர் போவாரா மாட்டாரா என்று எப்போது கேட்டாலும் நாற்பது சதவீதம் என்பார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

எங்கள் பிழைப்பு அப்படி. முறைத்துக்கொண்டிருக்கும் நாடுகளின் தலைவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்களா என்று கணித்துச் சொல்கிறோம். கப்பல் கம்பெனிக்காரர்களும் துணி ஏற்றுமதி செய்பவர்களும் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இதற்குப் பேர் ஜோசியம் என்கிறார் என் மாமியார். மறுத்து மறுத்து எனக்கு வாய் வலித்துவிட்டது.

மற்ற கேள்விகள் வரும், போகும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டின் தலைவர் இங்கே வருவாரா என்ற கேள்வி மட்டும் திரையை விட்டு இறங்கியதே இல்லை. திங்கட்கிழமை வந்தால் அதே கேள்விதான். ஆளாளுக்குத் தனியாக ஒரு எண்ணைத் தட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் வாயைத் திறக்கலாம். பக்கத்து மேசையை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது விதி. நான் எட்டிப் பார்ப்பேன்.

நாற்பது எந்தத் தலைவரின் பேச்சையும் கேட்க மாட்டார். அரசாங்கப் பத்திரிகையின் கேலிச்சித்திரத்தை விரித்து வைத்து, அதில் அந்தப் பக்கத்துத் தலைவரின் மூக்கை ஸ்கேல் வைத்து அளப்பார். சண்டை முற்றினால் மூக்கு நீளும், சமாதானம் வரப்போகிறது என்றால் சுருங்கும். முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். மந்திரிகள் சந்திப்பை இரண்டு தடவை அந்த மூக்கை வைத்தே அவர் சொல்லிவிட்டதும் வாயை மூடிக்கொண்டோம்.

ஆனால் அவருக்கு அந்தக் கேள்வி வெறும் வேலை இல்லை. அவருடைய அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அதற்கப்புறம் ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள். தலைவர் யாராவது வந்தால்தான் சொந்தக்காரர்களுக்காக இரண்டு நாள் திறப்பார்கள். அதுவும் அங்கே இருப்பவர்கள்தான் இங்கே வரலாம், முன்கூட்டியே மனு போட்டு வைத்தவர்கள் மட்டும். மனு ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும். அதைப் போட ஒரு பகல் முழுக்க வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டும். அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. அதனால் எத்தனை சதவீதம் என்று தம்பியைக் கேட்டுக்கொண்டுதான் மனு போடக் கிளம்புவார்.

ஒரு திங்கட்கிழமை அவர் ஐம்பது என்று தட்டி, அழித்துவிட்டு நாற்பது போட்டதைப் பார்த்தேன்.

"என்ன சார், பேரைக் காப்பாத்துறீங்களா?" என்றேன்.

"அக்காவைப் பாக்கணும்னு ஆசை இருக்கேம்மா. ஆசைப்படுறவன் கணக்கு ஒரு பங்கு கூடத்தான் வரும். அதனால அதுக்குன்னு பத்தைக் கழிச்சிடுவேன்."

மனுஷன் எவ்வளவு நேர்மை என்று அன்றைக்கு வியந்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரம் மூக்கு நன்றாகச் சுருங்கியிருந்தது. பெரிய ஓட்டல் ஒன்றில் ஒரு மாடி முழுக்க முன்பதிவை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் அறுபதுக்குப் பக்கத்தில் போட்டிருந்தோம். மத்தியானம் டீ குடிக்கிற அறையில் அவர் இருந்தபோது அக்காவின் போன் வந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"எத்தனைடா?"

"நாற்பதுக்கா."

"அப்ப விடு. இந்த முட்டியை வச்சுக்கிட்டு எங்க போய் நிக்கிறது? நீ சொன்னா தப்பாது."

அவர் போனை வைத்துவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தார்.

மூன்றே வாரத்தில் அந்தத் தலைவர் வந்து இறங்கினார். ஆபீஸ் டிவியில் கைகுலுக்கல், கைதட்டல். பிறகு பாலத்தைக் காட்டினார்கள். மூட்டை முடிச்சோடு ஜனங்கள் இந்தப் பக்கம் வந்து, கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நாற்பது டிவிக்கு அருகில் போய் நின்றார். அக்கா அதில் இருக்க மாட்டார் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் வயதான பொம்பளை ஒவ்வொருத்தியின் முகத்தையும் விடாமல் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேனேஜர் வந்து முதுகில் தட்டினார். "நடக்காதுன்னு நீங்க சொல்லலையே சார். நாற்பதுன்னா நடக்கவும் செய்யலாம்னுதானே அர்த்தம்? கணக்குல தப்பே இல்ல." நல்லவர்தான், ஆறுதல் சொல்ல மட்டும் தெரியாது.

பாலத்தை மறுபடி மூடிய அன்று, டீ குடிக்கிற அறையில் நாங்கள் இருந்தபோது, அக்கா கூப்பிட்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன். உட்காரும்மா என்று நாற்பது கை காட்டினார்.

"பக்கத்து வீட்டுக்காரி போய்த் தங்கச்சியைப் பாத்துட்டு வந்துட்டாடா," என்றார் அக்கா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"அக்கா, எனக்கு ஐம்பதுதான் வந்துச்சு. நான்தான் குறைச்சு சொன்னேன்."

"ஏன்டா?"

"உன்னைப் பாக்கணும்னு ஆசை. ஆசைல கணக்கு தப்பிடக் கூடாதுன்னு பத்தைக் கழிச்சேன்."

"என்னைப் பாக்க ஆசைப்பட்டதுக்காடா கழிச்சே?"

அவர் மேசையில் சிந்தியிருந்த டீயை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, அழாத. அடுத்தது எத்தனை, சொல்லு."

"இருபதுக்கா."

"கழிச்சாச்சா?"

"இல்ல. கழிக்காமலே இருபதுதான்."

"போதும்டா," என்றார் அக்கா. "நாளைக்குப் போய் வரிசைல நிக்கிறேன்."