சம்பா லாரி

பத்து காஜா என்ற மலாய் நாட்டு ஊரின் சாலையோரம் பட்டு வேட்டியில் நிற்கிறேன். இரண்டாவது ரொட்டிக்கு ஆசைப்பட்டுக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஈப்போ பஸ் போய்விட்டது. அங்கே நண்பன் மகளுக்குக் கல்யாணம். தஞ்சாவூரிலிருந்து கப்பலில் நான் கொண்டுவந்த தாலியோ என் சட்டைப் பையில்.

"கவலைப்படாதீங்கண்ணே, சம்பா லாரி வரும், அதுல போலாம்லா" என்கிறார் கடைக்காரர்.

சம்பா! இங்கேயும் நம்ம ஊர் அரிசியா! நெஞ்சு நிமிர்கிறது.

"புதுசா, பழசா?" என்று விசாரிக்கிறேன்.

"எல்லாம் கலந்துதாண்ணே இருக்கும்" என்கிறார், என்னை ஒரு மாதிரி பார்த்தபடி.

லாரிக்கு முன்னால் அதன் வாசனை வந்து சேர்கிறது. மலாயில் சம்பா என்றால் குப்பையாம்! நான் உளறியதைக் கடைக்காரர் சொல்லக் கேட்ட நகராட்சி லாரி ஓட்டுநர் முனியாண்டி ஸ்டீயரிங்கில் சாய்ந்து சிரிக்கிறார்.

"ஏறுங்கண்ணே! கொட்டிட்டு நேரா ஈப்போதான். சுமையோட திரும்பினா மேற்பார்வை பார்க்கிற மண்டோர் ஏசுவாரு."

பழைய ஈயச் சுரங்கக் குழியின் விளிம்புக்கு லாரி பின்பக்கமாகப் போகிறது. டுரியான் பழத்தோலும் மீன்தலையும் சரிந்து விழ, புல்டோசர் மண்ணைத் தள்ளி மூடுகிறது. தாலிப் பையை இரு கைகளாலும் பொத்திக்கொள்கிறேன். மூக்கைப் பொத்த மூன்றாவது கை இல்லை.

மண்டப வாசலில் லாரி நிற்கிறது.

"தாலி வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டு கட்டிப்பிடிக்க ஓடி வரும் நண்பன், பாதி வழியில் நின்று கையை மட்டும் நீட்டுகிறான். வருகிறவர்களுக்கெல்லாம் நாலு துளி பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண், என்னைப் பார்த்ததும் செம்பின் மூடியையே கழற்றுகிறாள். நானும் சமர்த்தாகத் தலையைக் குனிகிறேன்.