எழுப்பாத பிள்ளை

விமானத்தில் ஏறிய பிறகு இறங்கி வந்தவள் என்று எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. நீர்வேலியில் எதையும் மறைக்க முடியாது. வாழைக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் வேலிக்கு வேலி நின்று கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். கணக்கு ரீச்சருக்குப் பிளேன் என்றால் பயமாம். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளை வெருட்டியவளுக்குப் பயமாம். நானும் அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னேன். பிளேன் பயம் கௌரவமான பயம். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

கனடாவில் இருக்கும் என் ஒரே மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கத்தான் புறப்பட்டேன். எங்கள் பக்கத்தில் மகள் எந்த நாட்டில் பிள்ளை பெற்றாலும் தாய் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் இரண்டு பக்கச் சனமும் காரணம் தேடும். பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் இடித்து, வறுத்த மிளகாய்த்தூளும் கட்டி, பெட்டியை இரண்டு தரம் நிறுத்துப் பார்த்து ஆயத்தமானேன். மகள் ஏழாம் மாதத்திலேயே சொல்லிவிட்டாள்.

"முதல்லை உங்கடை கையிலைதான் பிள்ளையைக் குடுப்பன், அம்மா. அவற்றை கையிலையும் குடுக்கமாட்டன்."

'அவர்' என்றது மருமகனை. நான் சிரித்தேன். போனை வைத்தபோது இரண்டு உள்ளங்கையும் வியர்த்து ஈரமாக இருந்தன. ஏன் என்று யோசிக்கவில்லை.

விமானத்தில் எனக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு இளம் தாய், கைக்குழந்தையோடு. பையை மேலே வைப்பதற்காகப் பிள்ளையை என் மடியில் தந்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். சற்று நேரத்தில் கதவு மூடப் போவதாக அறிவித்தார்கள். நான் எழுந்து நின்று, என்னை இறக்கி விடுங்கள் என்று கத்தினேன். என் பெட்டியைத் தேடி எடுக்கும்வரை மற்ற எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சரக்குத்தூளும் நானும் திரும்பி ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

மகள் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் போன் எடுத்து, இது வருத்தம், இதற்கு வைத்தியம் இருக்கிறது, கொம்பியூட்டரிலேயே செய்யலாம் என்றாள். திரையில் ஒரு பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமாம். பயந்த விடயத்தை மனதில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் பந்தோடு போக வேண்டுமாம்.

"அப்பிடியெண்டால் ரெனிஸ் பாக்கிற சனத்துக்கு ஒரு கவலையும் இருக்காதோ?" என்று கேட்டேன்.

"பகிடி விடாதேங்கோ அம்மா. பிள்ளை பிறக்க இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு."

அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை.

வைத்தியம் செய்தது லண்டனில் இருக்கும் ஒரு பெண். எங்கள் ஆள்தான், என்னை அக்கா என்று கூப்பிட்டாள். முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டாள். கதவைச் சாத்திய அறையில் நான் தனியே இருக்க வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவரும் உள்ளே வரக் கூடாது. எங்கள் வீடுகளில் பகலில் கதவைச் சாத்துகிற வழக்கம் இல்லை. சாத்தினால் என்ன சண்டை என்று கேட்டு ஆள் வரும். தாழ்ப்பாள் சரியாக விழுகிற அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பசளை அறை. என் கணவரின் யூரியா மூட்டைகள், மருந்தடிக்கிற மெசின், குலை கட்டும் கயிறு எல்லாம் அதற்குள். உயரத்தில் ஒரு சின்ன யன்னல். ஒரு மூட்டையின் மேல் லப்ரொப்பை வைத்து, இன்னொரு மூட்டையில் நான் இருந்தேன்.

என்ன வைத்தியம் என்று கேட்டவர்களுக்குக் கணவர் "கண்ணிலை ஒரு குறை" என்று சொல்லிவைத்தார். அடுத்த நாளே பக்கத்து வீட்டிலிருந்து நந்தியாவட்டைப் பூ வந்தது, கண்ணில் வைக்கச் சொல்லி.

எனக்குப் பூட்டிய அறை ஆகாது. அந்த அறையில் இருந்த ஒவ்வொரு நிமிடமும் எழுந்து ஓடத்தான் மனம் சொன்னது. அது போதாதென்று, எங்களோடு இருக்கும் என் அம்மா தன் கதிரையைக் கொண்டுவந்து அந்தக் கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டு இருக்கத் தொடங்கினார். எழுபத்தெட்டு வயது, காதும் மந்தம். இருந்தாலும் ஒட்டுக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. உள்ளே மூட்டைகள், வெளியே அம்மா. எந்தப் பக்கமும் போக வழியில்லை.

"பாதுகாப்பாத் தெரியிற ஒரு இடத்தை நினையுங்கோ, அக்கா," என்றாள் லண்டன் பிள்ளை. எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரு இடமும் வரவில்லை. கடைசியில் வகுப்பறைக் கரும்பலகையைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் சோக்கோடு நிற்கும் அந்த ஓரடி இடம். பயத்துக்குப் பத்தில் எத்தனை புள்ளி போடுவீர்கள் என்று கேட்டாள். புள்ளி போடுவது என் தொழில். மூன்று என்றேன்.

"முகத்தைப் பாத்தால் மூண்டு மாதிரித் தெரியேல்லை."

எட்டு என்று திருத்தினேன்.

வியாழன்தோறும், நாலு கிழமை, அந்தப் பந்தின் பின்னால் போனேன். விமானக் கதவு, இடுப்புப் பட்டி, இயந்திரத்தின் இரைச்சல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு. புள்ளி எட்டில் இருந்து நாலுக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. அதற்குள் மகளுக்குக் குறித்த நாளுக்கு முன்னமே பெண்பிள்ளை பிறந்துவிட்டது. முதலில் கையில் வாங்கியது யாரோ ஒரு தாதி. மகள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிறகு தினமும் வீடியோவில் பிள்ளையைக் காட்டுவாள். விழித்திருந்தால் பார்ப்பேன், கொஞ்சுவேன். நித்திரை கொள்ளும் பிள்ளையைக் காட்டினால் மட்டும், இன்ரநெற் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். இதை நான் ஒருநாளும் யோசித்துச் செய்ததில்லை. கை தானாகப் போய் அமத்தும்.

ஆறாவது கிழமை, விமானத்தில் ஏறியதில் இருந்து இறங்கியதுவரை ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னாள் லண்டன் பிள்ளை. சொன்னேன்.

"அக்கா, ஒரு துண்டை விட்டிட்டியள். முதல் நாள் சொன்னனீங்கள், பிறகு ஒருநாளும் சொல்லேல்லை. பக்கத்துச் சீட்டிலை இருந்த தாய் உங்கடை மடியிலை பிள்ளையைத் தரேக்கை என்ன சொன்னவள்?"

"'பிடியுங்கோ அன்ரி, நித்திரை, எழுப்பிப் போடாதேங்கோ' எண்டு சொன்னவள்."

"அதை வைச்சுக்கொண்டு பந்தைப் பாருங்கோ."

பார்த்தேன். பந்து நாலைந்து தரம் போய் வந்திருக்கும். யூரியா மணம் போய், ஈர மண் மணம் வந்தது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. மருத்துவிச்சியைக் கூட்டிவர அப்பா சைக்கிளில் போனார். அவர் வரும் முன்னமே பக்கத்து வீட்டு மாமி வந்து பிள்ளையை எடுத்தார். தம்பி. பிறந்ததும் அழவில்லை. மாமி அவனைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளங்காலில் விரலால் சுண்டினார். இரண்டாம் சுண்டுக்கு அவன் பூனைக்குட்டிபோல ஒரு சின்னச் சத்தம் போட்டான். அந்த நேரம் ஷெல் விழத் தொடங்கியது. மாமி தன் பிள்ளைகளிடம் ஓடினார். நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குப் பின்னால் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினேன். மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்ட பங்கர். தலையை நிமிர்த்த முடியாது.

உள்ளே சற்று நேரம் அம்மாதான் தம்பியை வைத்திருந்தார். பிறகு சீலையில் சுற்றி என் மடியில் தந்தார்.

"வைச்சிரு பிள்ளை. நித்திரை. எழுப்பாதை, ஆட்டாதை. அசையாமல் இரு."

நான் அசையாமல் இருந்தேன். காலையில் இருந்து பின்னேரம்வரை. ஷெல் விழும்போதெல்லாம் மண் உதிர்ந்து அவன் முகத்தில் விழும். நான் ஊதி விடுவேன். அவன் கால் என் கையில் பட்டுக்கொண்டே இருந்தது. குளிர்ந்துகொண்டே போனது. எனக்கு விளங்கியது. மாமி சுண்டியது போல ஒருக்கால் சுண்டிப் பார்ப்போம் என்று விரலை மடக்கினேன். அம்மா எழுப்பாதே என்று சொல்லியிருக்கிறார். எழுப்பினால் ஏசுவார். எழும்பாவிட்டால் அதை நான்தான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். மடக்கிய விரலை விரித்துவிட்டேன். அப்பா வந்து வாங்கும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. சுண்டியிருந்தால் அவன் எழும்பியிருப்பான் என்றுதான் இத்தனை வருடமும் உள்ளுக்குள் கிடந்தது.

"பத்திலை எத்தினை, அக்கா?" என்று கேட்டாள். பத்து என்றேன். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே வைத்து, தோள்களில் மாறி மாறித் தட்டச் சொன்னாள். தட்டினேன். கரும்பலகையை நினைக்கச் சொன்னாள். நினைத்தேன். மூச்சு நிதானமான பிறகுதான் என்னை விட்டாள். இது விமானப் பயம் இல்லை என்பதை அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கதவைத் திறந்தேன். அம்மா கதிரையில் இருந்தார். எவ்வளவு கேட்டதோ தெரியாது. நான் அழுது கத்தியிருக்கிறேன், மந்தமான காதுக்கும் எட்டியிருக்கும்.

"தம்பியைப் பற்றியோ கதைச்சனீ?" என்றார்.

எங்கள் வீட்டில் தம்பி என்ற சொல்லே அதுவரை இருந்ததில்லை. நான் பசளை அறையின் வாசலிலேயே இருந்துவிட்டேன்.

"நான் அவனை எழுப்பியிருக்க வேணும் அம்மா. எனக்குத் தெரியும், கால் குளிர்ந்தது. பயத்திலை பேசாமல் இருந்திட்டன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்னட்டைத் தரேக்கையே உயிர் போயிட்டுது."

"பின்னை ஏன் என்னட்டைத் தந்தனீங்கள்?"

"நான் வைச்சிருந்தால் கத்தி அழுதிருப்பன். நான் அழுதால் நீ அப்பாவைக் கூப்பிட வெளியிலை ஓடியிருப்பாய். ஷெல் விழுந்துகொண்டெல்லோ இருந்தது. மடியிலை பிள்ளை நித்திரையெண்டால் நீ எழும்பமாட்டாய். நீ சொல் கேக்கிற பிள்ளை."

எனக்குக் கோபம் வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மன்னிப்பும் கண்ணீரும் அல்ல, கோபம். என்னைக் காப்பாற்ற என் மேல் ஒரு பிணத்தை வைத்தார். நான் இன்னும் அதன் கீழேயே இருக்கிறேன். இரண்டு கிழமை அம்மாவோடு தேவைக்கு மேல் கதைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை நான் பசளை அறைக்குப் போகும்போதெல்லாம் கதிரை வெளியே வந்துவிடும். ஒருநாள் உள்ளிருந்து கேட்டேன், வாசலுக்கு வந்த யாருக்கோ அம்மா சொல்வது.

"இப்ப ஒருத்தரும் உள்ளை போகேலாது. பேந்து வாங்கோ."

ஒட்டுக் கேட்க அல்ல, காவல் இருக்கத்தான் அந்தக் கதிரை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கோபம் முழுதாகப் போகவில்லை. அடுத்த கிழமை கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்திவிட்டு இருந்தேன். மூச்சு முட்டவில்லை. புள்ளி ஐந்துக்கு வந்தது. பிறகும் அங்கேயே நின்றது.

நான் கனடாவுக்குப் போகவில்லை. பிள்ளைக்கு ஐந்து மாதமானபோது மகள்தான் வந்தாள். காலை பத்து மணிக்கு விமான நிலையத்திலிருந்து வாடகை வான் வந்து வாசல் படலையில் நின்றது. மகள் இறங்கினாள். தோளில் பிள்ளை, கண் மூடியபடி. நேரே என்னிடம் வந்தாள்.

"பிடியுங்கோ அம்மா. வழி முழுக்க அழுதிட்டு இப்பதான் நித்திரை. எழுப்பிப் போடாதேங்கோ."

தந்துவிட்டுப் பெட்டிகளை இறக்கத் திரும்பினாள்.

வெளி முற்றம். கதவுமில்லை, கூரையுமில்லை. ஆனாலும் என் தலைக்கு மேலே பனங்குற்றிகள் வந்து இறங்கின. கால் அசையவில்லை. என் கண் தானாகவே கிணற்றுக்கும் படலைக்கும், படலைக்கும் கிணற்றுக்கும் போய் வந்தது. பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தேன். ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியவில்லை. காலில் போட்டிருந்த சின்னக் காலுறையைக் கழற்றினேன். உள்ளங்கால் கையில் பட்டது. சூடா குளிரா என்று என் கைக்குப் பிடிபடவில்லை.

விரலை மடக்கிச் சுண்டினேன். அசைவில்லை. இன்னொருக்கால், கொஞ்சம் பலமாகச் சுண்டினேன்.

முகம் சுருங்கியது, வாய் திறந்தது, பிள்ளை வீரிட்டுக் கத்தினாள். கிணற்றுக் கட்டில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

"அம்மா! உங்களுக்கு என்ன விசரோ? இப்பதானே நித்திரையாக்கினனான்!" மகள் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

விறாந்தையில் கதிரையில் இருந்த அம்மா கையைக் காதுக்கு வைத்துக் கேட்டார். "அழுறாளோ?"

"ஓம் அம்மா. அழுறாள்."

"அழட்டும்," என்றார் அம்மா. "விடு பிள்ளை, நல்லா அழட்டும்."