ஒரே அளவு தாள்

1. விகிதம்

தொண்ணூறுகளின் தொடக்கம். பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் தாளுக்கும் தட்டுப்பாடு. ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்குக் கொழும்பிலிருந்து எங்கள் கல்லூரிக்கு எட்டு இடங்கள் தந்திருந்தார்கள். விண்ணப்பித்தவர்களின் சொல்வளத்தை அளப்பது என் வேலை.

கட்டுரையில் வந்த வெவ்வேறு சொற்களை எண்ணி, மொத்தச் சொற்களால் வகுப்பேன். விகிதம் கூடினால் சொல்வளம் அதிகம். பேச்சுக்கும் அதே கணக்குத்தான். பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் கசெற்றில் பதிந்தோம். எழுதத் தாள் மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டோம். அதில் ஒரு பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை.

2. ஸ்ரெல்லா

தெரிவானவர்களின் பட்டியலில் கல்லூரி அதிபர் கையெழுத்து வைத்துவிட்டார். கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்பு போகும் எங்கள் கிளார்க் இரண்டு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு புறப்படுவார். பன்னிரண்டு மணிக்கு, விண்ணப்பித்திருந்த குருநகர் ஸ்ரெல்லா வந்து நின்றாள்.

"சேர், என்ரை பேர் இல்லை."

"உம்மடை விகிதம் காணாது, பிள்ளை."

"மாதா கோயில் நோட்டீசுகளின்ரை பின்பக்கம் ஆறு பக்கம் எழுதினனான். கூட எழுதினதுதான் பிழையோ?"

எரிச்சலோடுதான் அவள் கட்டுரையை எடுத்தேன். இரண்டாம் பக்கம் வந்ததும் என் பிழை பிடிபட்டது. எழுத எழுத, வந்த சொற்களே திரும்ப வரும். நீளம் கூடினால் விகிதம் தானாக இறங்கும். படித்த விஷயம்தான், மறந்து தொலைத்திருந்தேன்.

எல்லோருடைய கட்டுரையிலும் பேச்சிலும் முதல் நூறு சொற்களை மட்டும் எடுத்துத் திரும்ப எண்ணினேன். ஸ்ரெல்லா மூன்றாவது. எட்டாவதாக இருந்த புத்தூர் நகுலன் வெளியே.

அதிபர் சீறினார். "கையெழுத்து வைச்சாச்சு. இப்ப வந்து பிழை எண்டால், ஆரின்ரை பிழை?"

"என்ரை பிழைதான், சேர்."

பேனாவை எடுத்துப் புதுப் பட்டியலில் கையெழுத்து வைத்தார். மணி இரண்டே கால். கிளார்க் போய்விட்டார். சைக்கிளை எடுத்தேன். தலைக்கு மேலே ஹெலி சத்தம், தெருவில் ஆட்கள் பதுங்க ஓடினார்கள். நான் நிற்கவில்லை. அரியாலையில் அவரை எட்டிப்பிடித்துப் பட்டியலை மாற்றிக் கொடுத்தேன்.

3. நகுலன்

அடுத்த நாள் நகுலன் வந்தான். கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"அண்டைக்கு என்னட்டை அரைத்தாள்தான் இருந்தது, சேர். முதல் நூறு சொல்லையும் அதுக்குள்ளை அடங்கிற மாதிரித்தான் யோசிச்சனான். தாள் இருந்திருந்தால் நானும் எழுதியிருப்பன்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பட்டியல் கடல் தாண்டிவிட்டது.

சொற்களை எண்ணும் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எண்ணுவதற்கு முதல், எழுதியவருக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று கேளுங்கள். அதன்பிறகு நான் நடத்திய ஒவ்வொரு சோதனையிலும் எல்லோருக்கும் ஒரே அளவு தாள் கொடுத்தேன். நகுலனுக்கு மட்டும் கொடுக்க முடியாமற் போயிற்று.