மலையின் வேரைத் தேடிய கௌரி

என் மூத்த பேரன் வைத்தியத்துக்குப் படிக்கிறான். பேத்தி சென்ட் லோரன்டில் விமானம் செய்யும் இடத்தில் பொறியியலாளர். சின்னவள் பிரெஞ்சுப் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தாள். இதையெல்லாம் சினேகிதிக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கையில்தான் மகன் வந்து நின்றான். "அம்மா, ஆஸ்பத்திரியில கௌரி அக்கா செத்துப்போயிட்டா."

கௌரி என் தங்கையின் மகள். என்னிலும் இளையவர்தான், படிப்புக்கு மரியாதை வைத்து 'அவர்' என்றே எழுதுகிறேன். நாங்கள் குடிவந்த இந்தக் குளிர்நாட்டின் வடக்கே மலைக்காடுகளில் கிடக்கும் பழைய கருங்கல் எப்படி உண்டானது என்று ஆராய்ந்தவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் விளங்கச் சொன்னார்:

"பெரியம்மா, முந்தி இரண்டு கண்டம் முட்டி, இமயமலை மாதிரி மலை எழும்பினது. அடியில பாறை உருகி மேல ஏறி, வெளியில வர முதலே ஆறி இறுகிட்டுது. பேந்து மலை தேஞ்சுபோச்சு. உள்ளுக்க இறுகினது வெளியில தெரிஞ்சுது."

"அப்ப, மலையின்ர வேரெண்டு சொல்லு."

"ஓம். முட்டேக்க உருகினதோ, முட்டி முடிஞ்சு நிலம் இழுபடேக்க உருகினதோ எண்டுதான் சண்டை. நான் 'இழுபடேக்கதான்' எண்ட பக்கம்."

எங்கள் சனம் அவரை என்ன சொன்னது? "கல்லுக்குக் கழுத்தை நீட்டினவள்." நகருக்கு வெளியே கர்க்லாண்டில் என் தம்பி புதுவீட்டுக்குக் குடிபுகுந்த அன்று, குசினியில் சமையல் மேடையைத் தட்டிக் கேட்டார்: "பிள்ளை, இந்தக் கிறனைட் நல்லதோ?"

கௌரி குனிந்து தடவினார். "இது கிறனைட் இல்லை, மாமா. ஆனா உறுதி. பயப்பிடாமல் தேங்காய் உடையுங்கோ."

"இதைச் சொல்லவோ இவ்வளவு காலம் படிச்சனி?"

எல்லோரும் சிரித்தார்கள். கௌரி தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

நான் கடைசியாகப் பார்க்கப் போன அன்று, சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று, யாரோ வீட்டுப் பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு எந்த மண்டபம் நல்லது என்று கதைத்தார்கள். கௌரி என் கையைப் பிடித்தார். "பெரியம்மா, கல்லின்ர வயசு தெரிஞ்சிட்டுது. மலை எழும்பினதுக்குப் பிந்தினது. என்ர பக்கம் சரி." அப்போதும் மண்டபக் கதைதான் நடந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அவருடைய மரண அறிவித்தலை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கௌரியின் முகத்தை வெட்டி, யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலைக்கும் அட்டியலுக்கும் மேலே ஒட்டியிருக்கிறார்கள். ஏன் இப்படி என்று தம்பியைக் கேட்டேன்.

"அக்கா, சனம் பாக்கும். அவவின்ர படத்தில எல்லாம் சேத்துக்க நிக்கிறா."

சேற்றுக்குள்தான் நின்றார். அங்கேதான் சிரித்தும் இருக்கிறார். உயிரோடு இருந்தபோது அவருடைய வேலையைக் கேட்காதவர்கள், போனபிறகு அவருடைய உடம்பையும் மாற்றிவிட்டார்கள்.

போய் ஆறுங்கோ, பிள்ளை. உங்கட பக்கம் சரி எண்டு நீங்கள் சொன்னதை நான் கேட்டேன்.

நான் எழுதின இந்த அஞ்சலியை அறிவித்தலுக்குக் கீழே போடுகிறவர்களுக்கு: அந்தப் பட்டுச்சேலைப் படத்தை எடுத்துவிடுங்கள். கௌரி காலில் சப்பாத்தும் கையில் சுத்தியலுமாகப் பாறையில் ஏறி நிற்கிற படம் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். அதைப் போடுங்கள். வெட்டாமல், பாறையும் தெரியப் போடுங்கள்.