அத்தான் கரையில் நிற்க அக்கா அழுதது

அக்காவின் நினைவாக அச்சிட்ட இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தின் முற்பக்கங்களில் தேவாரங்களும் உறவினரின் இரங்கல் உரைகளும் இருக்கின்றன. அக்காவோடு கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தவன் என்பதால் அவருடைய வாழ்க்கையை எழுதும்படி என்னைக் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனாலும் அக்கா என்னிடம் ஒரு பொறுப்பை விட்டுப் போயிருக்கிறார். அதற்காகவே எழுதுகிறேன்.

அக்கா மயிலிட்டியில் பிறந்தார். எங்கள் அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அன்று முதல் அக்காவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் தகப்பனார் கடலுக்குப் போக, அடுப்பும் நானும் அக்காவின் பொறுப்பில் வந்தோம். அம்மாவின் செத்த வீட்டில் பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுததை அக்கா ஒரு மூலையில் இருந்து கேட்டாராம். ஒரு சொல்லும் விடாமல் மனதில் நின்றுவிட்டது. பெரியவளான பிறகு ஊரில் எங்கே செத்த வீடு என்றாலும் அக்கா வரும்வரை பார்த்திருப்பார்கள். அவர் குரல் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு அழுகை வரும். கேட்டுப் படித்தது பாதி, அந்த இடத்திலேயே அவராகக் கட்டிச் சொல்வது பாதி.

அத்தான் எங்கள் ஊரவர்தான். சொந்தமாக ஒரு சிறிய தோணி வைத்துத் தொழில் செய்தார். எந்நேரமும் பகிடிதான். அக்கா கோபித்துக்கொண்டால், "இஞ்சை பார், உன்ரை வாய்க்குப் பயந்துதான் நான் கடலுக்கே போறனான்" என்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தானின் தாயார், எங்கள் மாமி, பக்கத்து வளவில் இருந்தார்.

அறுபதுகளின் கடைசிப் பகுதியில் கொழும்பிலிருந்து சிலர் எங்கள் கரையில் ஒரு தமிழ்ப் படம் எடுக்க வந்தார்கள். கடலில் கணவனைப் பறிகொடுத்த பெண்ணின் கதை. கதாநாயகியாக வந்தவர் நல்ல குணமான பெண். ஆனால் ஒப்பாரி அவருக்கு வரவில்லை. கரையில் நின்று பார்த்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "உது செத்த வீட்டு அழுகையோ, பல்லுக்குத்தோ?" என்று ஒருத்தி கேட்டது இயக்குநரின் காதிலும் விழுந்தது. அவர் கோபிக்கவில்லை. அப்படியென்றால் யார் சரியாக அழுவார்கள் என்று கேட்டார். எல்லாரும் அக்காவின் வீட்டைக் காட்டினார்கள்.

இயக்குநர் வீட்டுக்கு வந்து, குரல் மட்டும் போதும், முகம் படத்தில் வராது என்றார். நான் வழக்கம்போல கூச்சத்தில் வீட்டுக்குப் பின்னால் போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமி வந்து வாசலில் நின்றார்.

"என்ன பிள்ளை இது? புருசன் கல்லுப்போல இருக்கேக்கை, புருசன் செத்தெண்டு அழப் போறியோ?"

"மாமி, அது படத்திலை வாற ஆளுக்கெல்லோ."

"உன்ரை வாயாலைதானே வருகுது."

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் கடலில் நிற்கும்போது பெண்கள் குரலெடுத்து அழமாட்டார்கள். வீட்டில் சாவு விழுந்தாலும், தோணிகள் வந்து சேரும்வரை சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொள்வார்கள். அக்கா அதை மறக்கவில்லை. எல்லாத் தோணியும் கரைக்கு வந்த பிறகுதான் அழுவேன், அத்தான் என் கண்ணுக்கு முன்னால் நிற்கவேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னார். இன்னொன்றும் கேட்டார்.

"படத்திலை என்ரை பேரும் போடுவியளோ?"

"ஓம், கட்டாயம்" என்றார் இயக்குநர்.

"குடும்பப் பொம்பிளையின்ரை பேரைத் தியேட்டரிலை போட்டு ஊர் பாக்கப் போகுதோ?" என்றார் மாமி. அத்தான் தாயைப் பார்த்து, "பாக்கட்டுமணை. நல்லாய் அழுறதுக்கு ஒரு பேர் குடுத்தால் என்ன குறைஞ்சு போச்சு?" என்றார்.

தோணிகள் எல்லாம் வந்து சேர்ந்த ஒரு முற்பகல், கரையில் இருந்த மீன் வாடிக் கொட்டிலுக்குள் ஒலிப்பதிவு இயந்திரத்தை வைத்து அக்காவின் குரலைப் பதிந்தார்கள். அத்தான் வாடி வாசலில் சுருட்டோடு நின்றார். அக்கா அவரைப் பார்த்தபடியே அழுதார்.

விடிய வாறனெண்டு
விளக்கெடுத்துப் போனவரே
விடிஞ்சு வெயிலேறி
வெறுங்கடலைப் பாக்கிறனே

அது அக்கா அந்த இடத்திலேயே கட்டியது. இயந்திரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தான் சுருட்டை எடுத்துவிட்டு, "எடியே, உண்மையாய் நான் செத்தாலும் இவ்வளவு வடிவாய் அழுவியோ?" என்றார். அக்கா கையில் அகப்பட்ட பாளைத்துண்டை அவர்மேல் எறிந்தார். வாடி முழுவதும் சிரிப்பு.

படம் யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் ஓடியபோது மூவரும் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். முதலில் பெயர்கள் போட்டார்கள். அக்கா கதிரை நுனியில் இருந்து எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாக வாசித்தார். அவருடைய பெயர் வரவில்லை. ஒப்பாரி வந்ததும் தியேட்டர் மூச்சுவிடாமல் இருந்தது. பின்னால் இருந்த பெண், "இந்தப் பிள்ளை எப்பிடி அழுறாள் பார்" என்று கதாநாயகியைப் புகழ்ந்தார். அக்கா திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில்தான் வாய் திறந்தார். "சாப்பாடு குடுத்தவைக்கு நன்றி. தோணி குடுத்தவைக்கு நன்றி. மாட்டுவண்டில்காரனுக்கும் பேர் போட்டிருக்கு."

"அடுத்த படத்திலை மாடாய் நடி, போடுவினம்" என்றார் அத்தான். அக்காவும் சிரித்துவிட்டார். ஆனால் அது அவருடைய மனதில் இருந்தது. கிணற்றடியில், சந்தையில், அது என் குரல் என்று சொல்லிப் பார்த்தார். "உனக்கு என்ன விசரோ? அவள் வாய் அசைக்கிறது தெரியேல்லையோ?" என்று வெளியூர்ப் பெண்கள் சிரித்தார்கள். எங்கள் ஊரிலும் சிலர் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்கள்.

கொஞ்ச நாளில் அந்த ஒப்பாரியை வானொலியில் போடத் தொடங்கினார்கள். முடிந்ததும் கதாநாயகியின் பெயரைச் சொல்வார்கள். கரையில் இருந்த தேநீர்க் கடையில் வானொலிப்பெட்டி இருந்தது. ஒரு காலை, தோணிகள் எல்லாம் கடலில் நிற்க, அக்காவின் குரல் கரை முழுக்கக் கேட்டது. மீன் வாங்க நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தோணிகள் வரும்வரை பொறுத்திருந்து, அத்தானை முன்னால் நிறுத்தி, வழக்கத்தைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தோம். ஒருமுறை அழுதால் அழுகை அதோடு முடிந்தது என்பதுதான் எங்களுக்குத் தெரியும். பிடித்து வைத்த குரல் தான் நினைத்த நேரத்திலெல்லாம் திரும்ப அழும் என்று மாமிக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை.

அக்கா கடைக்காரரிடம் போனார். "அண்ணை, தோணியள் வந்தாப் பிறகு அதைப் போடுங்கோவன்."

"நான் எங்கை பிள்ளை போடுறன்? கொழும்பிலையிருந்தெல்லோ போடுறாங்கள். அவங்களுக்கு எங்கடை தோணி தெரியுமோ?"

அதன் பிறகு அந்தப் பாட்டுத் தொடங்கினால் அவர் பெட்டியை நிறுத்திவிடுவார். வேறு வீடுகளில் நிறுத்த ஆள் இருக்கவில்லை.

வாடைக்காற்று தொடங்கிய காலத்தில் ஒருநாள் அத்தான் தனியே போனார். வரவில்லை. மற்றவர்கள் தோணிகளில் போய்த் தேடினார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

அக்காவின் குரலை முன்பு நம்பாமல் சிரித்தவர்கள்தான் இப்போது முதலில் கதைத்தார்கள். "அது இவளின்ரை குரல்தானே. இருந்த மனிசனை அழுதழுது அனுப்பிப்போட்டாள்." அக்காவின் காதுபடவே சொன்னார்கள். அக்கா வேலியடிக்குப் போய் நின்று அவர்களுக்குப் பதில் சொன்னார்:

"அது என்ரை குரல் இல்லை. முடியேக்கை ஆரின்ரை பேர் சொல்லுகினம் எண்டு வடிவாய்க் கேளுங்கோ. நான் என்ரை மனிசனுக்கு இன்னும் அழேல்லை. அவர் வருவார்."

பெயர் போடவில்லை என்று மனம் நொந்தவர் அந்தப் பெயரில்லாமைக்குள்ளேயே ஒளித்துக்கொண்டார். அந்தக் குரல் தன்னுடையது என்றால், அத்தானுக்கு அழுது முடித்துவிட்டதாக ஆகிவிடும். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து கிரியைகளை முடிப்போம் என்று மாமி கேட்டபோதும் மறுத்தார். தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. மாமியையும் வாய்விட்டு அழ விடவில்லை. பிறகு எந்தச் செத்த வீட்டிலும் குரல் எடுக்கவில்லை.

நான் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன். இருவரும் கருவாடு போட்டு வாழ்ந்தோம். கடற்றொழிலாளர் சங்கத்தில் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள் என்பதால் என் பெயரில்தான் பதிவு. கூட்டத்தில் கேட்கவேண்டியதை அக்கா சொல்லித் தருவார். நான் எழும்பி இரண்டு வசனம் சொல்லி, நாக்கு ஒட்டி, பாதியிலேயே கதிரையில் இருந்துவிடுவேன். வேலிக்கு வெளியே நின்று மீதியை அக்கா சொல்லுவார். "தம்பியின்ரை வாய் வெளியிலை நிக்குது" என்று தலைவர் சிரிப்பார். ஆனாலும் கருவாடு போடும் பெண்களுக்கு உப்பு சங்க விலையில் கிடைக்கத் தொடங்கியது அந்த வேலிக்கு வெளியே நின்ற வாயால்தான். கூட்டக் குறிப்பில் அதைக் கேட்டவர் நான் என்றுதான் இருக்கும்.

வானொலியில் அந்த ஒப்பாரி வருவது வரவரக் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது அயல்வீட்டில் அது கேட்டால் அக்காவின் கை அப்படியே நின்றுவிடும். கத்தி மீனுக்குள் இருக்கும். இலையான் மொய்க்கும். அறிவிப்பாளர் கதாநாயகியின் பெயரைச் சொல்லும்வரை அசையமாட்டார். பெயரைச் சொன்னதும், "ம்" என்று சொல்லிவிட்டு வெட்டத் தொடங்குவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வீட்டில் இருக்கும் அக்கா ஒருவர், அங்கே அழுகிற அக்கா இன்னொருவர் என்று எனக்குத் தோன்றும். இருவரில் யாருக்கு உண்மை தெரியும் என்று நினைக்கப் பயமாக இருக்கும்.

இந்த வருடத் தொடக்கத்தில் அக்காவுக்கு வயிற்றில் நோய் கண்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மாமிக்கு இப்போது கண் தெரியாது. ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். மாமி கட்டிலைத் தடவி அக்காவின் காலைப் பிடித்தார்.

பிறகு அக்கா சொன்னார்: "மாமி, அது நான்தான்."

"தெரியும் பிள்ளை."

"இல்லையெண்டு நெடுகச் சொன்னனான்."

"நீ சொன்னனிதான். என்ரை பிள்ளைக்கு நீயும் அழேல்லை, என்னையும் அழ விடேல்லை. தேத்தண்ணிக் கடைக்காரன் பெட்டியை நிப்பாட்டிப்போடுவான். அதுதான் அங்காலை உபதபால் அதிபர் வீட்டு வேலியோடை போய் நிண்டு அவையின்ரை றேடியோவிலை கேப்பன். அதைக் கேட்டுத்தான் நான் அவனுக்கு அழுதனான். இத்தினை வருசமும் நீதான் எனக்கு எடுத்துக் குடுத்தனி."

அக்கா மாமியின் கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். சத்தமில்லை. மாமியின் விரல்கள் நனைந்ததை நான் பார்த்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்குக் கிரியை செய்யேக்கை அவருக்கும் செய். அது ஆர் அழுதது, ஆருக்கு அழுதது எண்டு எல்லாருக்கும் சொல்லு. கூட்டத்திலை மாதிரிப் பாதியிலை இருந்திடாதை."

அதற்குப் பிறகு அக்கா அதிக நாள் இருக்கவில்லை. ஐயரிடம் கேட்டு, அத்தானுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து, அக்காவின் கிரியைகளோடு அவருடைய கிரியைகளையும் செய்தோம். கீரிமலையில் சாம்பல் கரைக்க இருவருக்குமாகக் கடலில் இறங்கினேன்.

நோயில் அக்காவைப் பராமரித்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், அத்தானைத் தேடிக் கடலில் இறங்கிய தொழிலாளர்களுக்கும், பெட்டியை நிறுத்தி எங்களுக்கு உதவிய கடைக்காரருக்கும், தன் வேலியோடு நின்ற மாமியை ஒருநாளும் ஏனென்று கேட்காத உபதபால் அதிபருக்கும், செத்த வீட்டிலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் தோள் கொடுத்த எல்லாருக்கும் எங்கள் நன்றி. பெயர் போட மறந்தாலும் அக்காவின் குரலை அழியாமல் பிடித்துவைத்த கொழும்பு ஆட்களுக்கும் நன்றி.

அந்தப் படத்தில் நீங்கள் கேட்டது அக்காவின் குரல். கரையில் சுருட்டோடு சிரித்துக்கொண்டு நின்ற அத்தானுக்கு அவர் அழுதது அது.